‘கேஸ்’ என்னும் பலபொருள் ஒருசொல்

மும்பைத் தமிழரின் தொழிற்சொற்களைத் தொகுப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. தாராவியின் தோல் பட்டறைகளிலும், மாட்டுங்காவின் உணவகச் சமையற்கூடங்களிலும், செம்பூரின் கராஜ்களிலும் கேட்டுக் குறித்த சொற்கள் அட்டைகளாக என் மேசையில் குவிந்துள்ளன. அவற்றுள் மிகச் சிறிய சொற்களில் ஒன்று ‘கேஸ்’. இந்த ஒரு சொல் ஒரு டாக்ஸிக்காரரின் வருமானத்தை எவ்வாறு அரித்தது என்பதையும், அந்தச் சிக்கலை ஒரு கராஜ் உஸ்தாத் எவ்வாறு அவிழ்த்தார் என்பதையும் இங்கே எழுதுகிறேன். பழைய கார் வைத்திருந்து, கோடையில் அதன் ஏ.சி. குளிராமல் அவதிப்படுவோருக்கு இது பயன்படலாம். பொருண்மையியல் வகுப்பெடுப்போருக்கும் ஓர் எடுத்துக்காட்டாக உதவலாம்.

டாக்ஸிக்காரர் என் தாய்மாமாதான். நெல்லைச் சீமையிலிருந்து இளம் வயதிலேயே வந்து, தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு அருகே குடியிருப்பவர். நீலமும் வெள்ளியும் பூசிய ‘கூல் கேப்’ ஓட்டுகிறார். 2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்கு 31 ரூபாய், கூல் கேப்புக்கு 48 ரூபாய். இடையில் நிற்கும் 17 ரூபாய்தான் குளிரின் விலை. குளிர் இல்லையென்றால் அந்தப் பதினேழைத் தரப் பயணிக்கு மனம் வராது. சிலர் பாதி வழியில் இறங்கியும் விடுவார்கள். மாமாவின் வண்டி 2010-இல் பதிவானது. மும்பையில் டாக்ஸி ஒன்று 20 ஆண்டுகள் வரை ஓடலாம். இளைய மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவிருக்கிறாள். ஆகவே எஞ்சிய ஐந்து ஆண்டுகளையும் இதே வண்டியில் கடத்துவது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கில்தான் ஓட்டை விழுந்தது. சென்ற ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வண்டி குளிரவில்லை. ஒரு கராஜில் காட்டினார். “கேஸ் கம்மி” என்று சொல்லி நிரப்பினார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மறுபடியும் வெப்பம், மறுபடியும் கேஸ். மூன்றாம் முறையும் அதுவே நடந்தது. ஏப்ரலில் போனபோது, “இனி கேஸ் போட்டுப் பயனில்லை; கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். “மூணு தடவ கேஸ் போட்டாச்சு மருமவனே, ரெண்டு மாசத்துக்கு மேல நிக்கமாட்டேங்கு” என்று மாமா என்னிடம் சொன்னார். அவர் குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனியே இல்லை. சி.என்.ஜி. பங்கில் நாள்தோறும் வரிசையில் நிற்பதைப் பற்றிப் பேசுவாரே, அதே தொனி. எனக்கு அது வியப்பாக இருந்தது. அவ்வளவு பணம் போயும் ஒருவர் ஏன் ஐயப்படவில்லை?

விடை அந்தச் சொல்லிலேயே இருப்பதாக எனக்குப் பட்டது. மாமாவின் நாளில் மூன்று கேஸ்கள் உண்டு. வீட்டு அடுப்பில் எரிவது ஒன்று; டிக்கியிலுள்ள சிலிண்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் சி.என்.ஜி. ஒன்று, ஏ.சி.க்குள் இருப்பது ஒன்று. முதலிரண்டும் எரிபொருள்கள். எரிந்தால் தீரும், தீர்ந்தால் நிரப்ப வேண்டும். அதில் குற்றம் யாருடையதும் அன்று. மூன்றாவது எரிபொருளே அன்று. ஆயினும் மூன்றுக்கும் ஒரே பெயர். மூன்றும் அழுத்தத்தில் அடைபட்டவை, மூன்றும் எடைக்கணக்கில் விற்பவை. மூன்றையும் பற்றிப் பேச வழங்கும் வினைச்சொற்களும் அவையே: தீர்ந்தது, குறைந்தது, போடு, நிரப்பு.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கிறார்: வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல். மா என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. வினை வேறுபட்டுப் பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ‘மா வீழ்ந்தது’ என்றாலோ வீழ்ந்தது மரமா விலங்கா என்பது வினையால் விளங்காது. பேசுபவர் வெளிப்படையாகக் கூற வேண்டும். ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்னும் தொடர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்தக் கேஸ் என்பது சூழலால் புரிந்துவிடும். ஆனால் ‘தீர்ந்தது’ என்னும் வினை, எரிபொருளின் இயல்பை ஏ.சி.யின் கேஸுக்கும் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது. தீர்வது இயல்பு என்றால் ஏன் தீர்ந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏ.சி.யின் கேஸ் தீரக்கூடாத பொருள். இதற்குத் தாராவியிலேயே நல்ல விளக்கம் உண்டு. கும்பார்வாடாவில் வனையும் மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளை வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து போய்விடுவதால் பானையில் நீர் குறையும். கார் ஏ.சி.யிலும் இதே ஆவியாதல்தான் குளிரைத் தருகிறது. வேறுபாடு, போன ஆவியைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதில் உள்ளது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ‘கூலிங் காயில்’ என்பதற்குள் திரவம் கொதித்து ஆவியாகி, கேபின் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. வண்டியின் முன்பக்கம் இருக்கும் கண்டென்சரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பின்னர் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பாய்ந்து மறுபடியும் கூலிங் காயிலுக்குள் நுழைகிறது. இது மூடிய வட்டம். ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரஸரின் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது உண்டு. அதனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு குளிர் சற்றுக் குறையலாம். இரண்டே மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள்.

‘கூலிங் காயில்’ என்னும் பெயரையும் கவனிக்கலாம். பொறியியல் நூல்கள் அதை எவாப்பரேட்டர் என்கின்றன. தமிழ்ப் பாடநூல்கள் ஆவியாக்கி என்கின்றன. இவை உள்ளே நிகழும் செயலைச் சொல்லும் பெயர்கள். கராஜின் பெயர் விளைவை மட்டும் சொல்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. தொழிலாளிக்கு அது போதும். ஆனால் விளைவுப் பெயரை மட்டும் அறிந்த வாடிக்கையாளருக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைப்பதில்லை.

கள ஆய்வில் நாங்கள் தகவலாளியிடம் ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று நேரடியாகக் கேட்பதில்லை. எந்தச் சூழலில் வருகிறது, எதில் வருவதில்லை என்று பார்ப்போம். வண்டியிடமும் அதையே செய்யலாம் என்று தோன்றியது. மே மாதத்தில் ஒரு வாரம், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மாமாவோடு முன்சீட்டில் அமர்ந்து சென்றேன். சமையலுக்குப் பயன்படும் ஒரு சிறு வெப்பமானியை நடு வென்ட்டில் செருகி, நேரம், இடம், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா, வென்ட்டின் வெப்பநிலை என நான்கு பத்திகளில் குறித்தேன். ப்ளோயரின் வேகத்தை மாற்றவில்லை, கண்ணாடிகளை இறக்கவில்லை.

வார முடிவில் பத்திகள் தாமாகப் பேசின. காலை ஏழு மணிக்கு மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் 13 டிகிரி. செம்பூரில் ஏறி ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் தடையின்றி ஓடும்போது நண்பகலிலும் 14 டிகிரி. அதே நண்பகலில் சயனுக்கும் தாராவிக்கும் இடையே நெரிசலில் நின்றால் பத்து நிமிடத்தில் 22 டிகிரி. சயன் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடியதால், அந்தப் பகுதியில் வண்டிகள் நிற்கும் நேரம் கூடிவிட்டது. மாமாவின் வழக்கமான தடமும் அதுதான். மேலும் ஒன்றைக் குறித்திருந்தேன். வென்ட்டிலிருந்து காற்று எப்போதும் பலமாகவே வந்தது, குளிர்தான் இல்லை. ஓரிரு விநாடிக்கு ஒருமுறை பானட்டுக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்னும் ஒலியும் கேட்டது.

இந்தக் குறிப்பேட்டோடு செம்பூர் கேம்ப் பகுதியில் ஒரு சிறு கராஜுக்குப் போனோம். அங்கே வேலை கற்கும் பையன்கள் அவரை ‘உஸ்தாத்’ என்கிறார்கள். மாமா ‘பாய்’ என்று அழைத்தார். குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதைப் பாதி வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம்” என்று இந்தியில் சொன்னார். காற்று பலமாக வருவதால் ப்ளோயரிலும் காயிலின் மேல் படியும் தூசியிலும் முதல் ஐயம் இல்லை. ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது வெப்பமானால், கண்டென்சர் வழியே போதுமான காற்று போகவில்லை, அல்லது கேஸ் குறைவு, அல்லது இரண்டும். ‘டக், டக்’ என்பது கம்ப்ரஸரின் மேக்னட் கிளட்ச் அடிக்கடி பிடித்து விடும் ஒலி. கேஸ் குறைந்தால் அழுத்தம் தாழ்ந்து, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சற்று ஏறியதும் மீண்டும் ஓட விடும்.

பிறகு இரண்டு கேஜ்களை மாட்டினார். நீலம் தாழ்ந்த அழுத்தப் பக்கம், சிவப்பு உயர்ந்த அழுத்தப் பக்கம். என்ஜின் நின்றிருந்தபோது இரண்டு முள்ளும் 100 பி.எஸ்.ஐ. அளவில் ஒன்றாக நின்றன. “இதைப் பார்த்துக் கேஸ் நிறைய இருக்கிறது என்பவனை நம்பாதே” என்றார். அடுப்புச் சிலிண்டர் போலத்தான். உள்ளே ஒரு கரண்டித் திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. வெளி வெப்பநிலைதான் அதைத் தீர்மானிக்கும். எவ்வளவு மிச்சம் என்று அறிய நம் வீடுகளில் சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்கிறோம். ஏ.சி.யில் எடையைக் கண்டுகொள்ள, இருக்கும் கேஸை வெளியே எடுத்து நிறுக்க வேண்டும்.

என்ஜினை ஓட்டியபோது முட்கள் பிரிந்தன. ஆர்.134ஏ கேஸ் நிரப்பிய சிறு காரில், மும்பை வெயிலில் தாழ்ந்த பக்கம் 30 முதல் 45 வரையிலும் உயர்ந்த பக்கம் 200 முதல் 250 வரையிலும் நிற்பது நலம். மாமாவின் வண்டியில் 18, 120. இரண்டுமே தாழ்வு. கம்ப்ரஸர் தளர்ந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும் என்று உஸ்தாத் விளக்கினார். அப்போது அழுத்த வலிமை இல்லாததால் தாழ்ந்த பக்கம் ஏறியும் உயர்ந்த பக்கம் இறங்கியும், முட்கள் ஒன்றையொன்று நோக்கி வரும். எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைத்திருந்தால் தாழ்ந்த பக்கம் வெற்றிடத்தை நெருங்கும். கண்டென்சரின் காற்றோட்டம் கெட்டாலும், கேஸ் மிகுந்தாலும் இரண்டும் ஏறும். ஒற்றை முள்ளுக்குத் தனியே பொருள் இல்லை. இரண்டுக்கும் இடையிலான உறவே பொருள் தருகிறது. சசூரை முதலாண்டு மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

ஆக, கேஸ் குறைவுதான். முந்தைய கராஜ் சொன்னது பொய் அன்று. அவர்கள் நின்ற இடத்தில் உஸ்தாத் நிற்கவில்லை. எஞ்சிய கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி நிறுத்தார். இருக்க வேண்டிய ஏறக்குறைய 500 கிராமில் பாதிகூட இல்லை. பிறகு நைட்ரஜனை ஏற்றிவிட்டு, டார்ச்சும் சோப்பு நுரையுமாகக் குழாய்களின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்டென்சரோடு குழாய் சேரும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தது. கம்ப்ரஸருக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். அங்கே நுரை வைத்ததும் மெல்லிய குமிழ்கள் எழுந்தன. பதினைந்து ஆண்டுப் பழைய ஓ-ரிங் கல்லாக இறுகியிருந்தது.

ஓ-ரிங்கை மாற்றி, அரை மணி நேரத்துக்கு மேல் வேக்கும் வைத்தார்கள். மும்பைக் காற்றில் ஈரம் மிகுதி. உள்ளே புகுந்த ஈரத்தை இழுத்து வெளியேற்றாவிட்டால், வால்வின் துளையில் பனியாக உறையும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உட்புறத்தை அரிக்கும். பிறகு எடை பார்த்துக் கேஸ் நிரப்பினார்கள். நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உஸ்தாத் வண்டியை வெயிலில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். சிவப்பு முள் 330-க்கு ஏறியது. வென்ட்டின் காற்றும் வெதுவெதுப்பானது. ஒரு பையன் குவளையில் நீர் எடுத்துக் கண்டென்சர் மேல் தெளித்தான். முள் 230-க்கு இறங்கியது, வென்ட் குளிர்ந்தது. நீர் தெளித்தால் சரியாகிறது என்றால் குறை கண்டென்சரின் வெப்பம் வெளியேறாததில் இருக்கிறது. கண்டென்சருக்கென்று உள்ள தனி ஃபேன் சுழலத்தான் செய்தது. ஆனால் கார்பன் தேய்ந்து பாதி வேகத்தில் சுழன்றது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிட்டது.

இரண்டு குறைகள் ஒரே அறிகுறிக்குள் ஒளிந்திருந்தன. கம்ப்ரஸரில் குறையே இல்லை. ஃபேன் மோட்டார், ஓ-ரிங், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். மறுநாள் நண்பகல் சயன் நெரிசலில் வென்ட் 11 டிகிரி காட்டியது. நவம்பரில் மறுபடியும் பார்த்தேன்; 12.

22,000-க்கும் 5,600-க்கும் உள்ள இடைவெளி மாமாவின் வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணமாக மாறும். இதில் அந்தக் குடும்பத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு உண்டு. பழைய கார்களில் இருந்த ஆர்.12 ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 2010-இலிருந்து வளரும் நாடுகளும் அவ்வகை வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தின. அதன் இடத்துக்கு வந்த ஆர்.134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ, கரியமில வாயுவின் 1,430 கிலோவுக்கு ஈடு. அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் முடிவாயிற்று; இந்தியா 2021-இல் அதை ஏற்றது. மாமாவின் வண்டியிலிருந்து கசிந்தது ஒரு கிலோ என்று வைத்தால், ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடும் ஒவ்வொரு முறையும், அடுத்த கோடையின் வெயிலுக்கும் சிறிது சேர்த்து அனுப்புகிறோம்.

வினைச்சொல்லுக்குத் திரும்புகிறேன். உஸ்தாத் ஒருமுறைகூடக் கேஸ் ‘கதம்’ என்று சொல்லவில்லை. அவர் வாயில் வந்தது ‘லீக்’ என்னும் சொல்லே. தமிழில் ‘கேஸ் ஒழுகுகிறது’ என்றோ ‘கசிந்துவிட்டது’ என்றோ சொல்லியிருந்தால், எங்கே என்னும் கேள்வி தானாகவே பிறந்திருக்கும். ஒழுகுதல் என்னும் வினைக்கு ஓர் ஓட்டை வேண்டும், தீர்தலுக்கு வேண்டாம். தொல்காப்பியர் சொன்ன ‘வினை வேறுபடும்’ வகைக்குச் சொல்லை மாற்றிவிட்டால், அறியாமையால் வரும் செலவில் ஒரு பகுதியேனும் குறையும். அண்மையில் மாமாவின் நண்பர் ஒருவர் தம் வண்டியில் கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொன்னபோது, மாமா கேட்டார்: “தீரவாது! எங்கன ஒழுகுதுன்னு பாத்தியளா?” அந்தத் தொடரைத் தனி அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கராஜுக்குப் போகும் முன் பழைய கார்க்காரர்கள் கேட்டுக்கொள்ளத் தக்கவை சில. காற்று குறைவா, குளிர் குறைவா? ஓடும்போதா, நிற்கும்போதா? கிளட்ச் ஒலி எத்தனை விநாடிக்கு ஒருமுறை? கண்டென்சர் ஃபேன் முழு வேகத்தில் சுழல்கிறதா? மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டா? கேஸ் போடுவதாகச் சொன்னால் இரண்டு கேள்விகள்: முன்பு இருந்தது எங்கே போயிற்று? எடை பார்த்துப் போடுகிறீர்களா?

ஏ.சி. கேஸைக் குறித்து உங்கள் ஊர் மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் என்ன வினைச்சொல்லை வழங்குகிறார்கள்? தீர்ந்ததா, இறங்கியதா, போயிற்றா, ஒழுகியதா? கோவை, மதுரை, சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என எங்கிருந்தாலும், கேட்டதைக் கேட்டபடியே எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது, எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்துக் குறித்தால் ஆய்வுக்கு உதவும்.